பேசாதவர்களின் பக்கம்

கிள்ளான்
4 ஆகஸ்டு 2025

செல்வி ஷாமினி தம்புசாமி அவர்களுக்கு,

வணக்கம். ஒரே வகுப்பில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவளுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் சிரிக்கவில்லை. நீ என்னோடு பேசுவதில்லை. கைப்பேசியிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். பதிலுக்கு நானும் தடுத்துவிட்டேன். இது எதுவும் தெரியாமல், அல்லது எல்லாம் தெரிந்துகொண்டே, அமுதவள்ளி டீச்சர் பிரியாவிடை மலரில் ஒரு பக்கத்தை நம் இருவர் தலையிலும் கட்டிவிட்டார்.

கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் தமிழ் எடுத்திருப்பவர்கள் ஆறே பேர். ஒவ்வொருவரைப் பற்றியும் நாலைந்து வரி எழுத வேண்டும். "கிண்டல் இருக்கணும். ஆனா யாரும் வீட்டுக்குப் போய் அழக்கூடாது" என்பது டீச்சரின் நிபந்தனை. நீயும் அங்கேதான் நின்றாய், ஆனால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் திரும்பச் சொல்கிறேன்.

தமிழ்மொழிக் கழக அலமாரியில் ஒரு நீல ஃபைல் வைத்திருக்கிறேன். நான் ஒருவரைப் பற்றி எழுதி வைப்பேன். நீ திருத்திவிட்டு அடுத்தவரைப் பற்றி எழுதி வை. பேச வேண்டிய தேவையே வராது. முதலில் கிஷன்:

"கிஷன். உடம்பு வகுப்பில் இருக்கும், மனம் கொமுட்டர் ரயிலில் இருக்கும். 'அடுத்த நிலையம், புக்கிட் பாடாக்' என்று அவன் அறிவித்ததைக் கேட்டுக் கணக்கு சாரே ஒருமுறை பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ரயிலோட்டியாக வேண்டும் என்பது அவன் ஆசை. ஆகட்டும். அந்த ரயிலில் ஏறப்போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளவும்: அவன் நம் பள்ளி வாசலுக்கு ஒரு நாளும் நேரத்தில் வந்து சேர்ந்ததில்லை."

ஜூலை மாதம் உங்கள் வீட்டில் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி நான் இந்த ஃபைலில் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

இப்படிக்கு,
பக்கத்தின் பாதி ஆசிரியை,
அனுப்பிரியா

---

கிள்ளான்
7 ஆகஸ்டு 2025

அனுப்பிரியா,

'அன்புள்ள' என்று தொடங்க வரவில்லை. விட்டுவிட்டேன்.

எழுதாதே என்றாய். அதனால் முதலில் அதைத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு உன் அம்மா எங்கள் வீட்டு அடுப்படியில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நீ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். அப்பா என்றைக்கும் இல்லாமல் தலையில் எண்ணெய் தடவி, படிய வாரி, மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "ஷாமி, நானும் ஆன்டியும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றார். நான் முதலில் பார்த்தது அப்பாவை இல்லை, உன்னை. நீ ஆச்சரியப்படவில்லை. குனிந்து வெங்காயத் தோலைப் பொறுக்கினாய். உனக்கு முன்பே தெரியும்.

முதலாம் ஆண்டிலிருந்து நாம் ஒன்றாகப் படிக்கிறோம். எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தபோது என் பக்கத்தில் பாயில் படுத்திருந்தவள் நீ. உன் அப்பா உங்களை விட்டுவிட்டு வேறு குடும்பம் அமைத்துக்கொண்டபோது முதலில் நீ சொன்னது என்னிடம். இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

அதற்குப் பிறகு நான் உன் அம்மாவிடம் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "எங்கம்மா அடுப்படியில நீங்க நிக்காதீங்க ஆன்டி." சொன்னேன்தான். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். குழம்பைக் கடைசியில் யாரும் சாப்பிடவில்லை.

போதும். கிஷன் நன்றாக வந்திருக்கிறான். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அஸ்வின் இதோ:

"அஸ்வின். ஆள் ஐந்தாம் படிவத்துக்கு வந்துவிட்டான், கால்சட்டை இன்னும் மூன்றாம் படிவத்தில் படிக்கிறது. வகுப்பு மின்விசிறியில் ஒட்டடை என்றால் யாரும் ஏணி தேடுவதில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்தவன். 'என் பாடத்தை இவ்வளவு ஊன்றிக் கேட்கும் பையனை நான் பார்த்ததில்லை' என்று வரலாறு டீச்சர் அவன் அம்மாவிடமே சொன்னார். அம்மாவும் நம்பினார். நாங்கள் காட்டிக்கொடுக்கவில்லை."

நேற்றுத் தண்ணீர்க் குழாய் அருகில் என்னைப் பார்க்காதது போல நீ பார்த்ததை நான் பார்த்தேன்.

ஷாமினி

---

கிள்ளான்
25 ஆகஸ்டு 2025

ஷாமினி,

இரண்டு வாரத்துக்கும் மேலாக ஃபைலைத் திறந்து உன் கடிதத்தைப் படிப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். டீச்சர் வெள்ளிக்கிழமை, "ரெண்டு பேரும் எழுதுறீங்களா, இல்ல ஃபைலுக்குப் பூஜை போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

ஆமாம், எனக்கு மே மாதமே தெரியும். அம்மா பிரிக்பீல்ட்ஸ் தையல் கடையிலிருந்து வரும் மாலை ரயிலுக்காக நான் கிள்ளான் நிலையத்தில் காத்திருப்பேனே, அப்படி ஒரு நாள். மழை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடைகளின் விளக்குகள் எல்லாம் நீரில் கரைந்து கோடுகோடாக ஓடிக்கொண்டிருந்தன. அம்மா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குடை இருந்தும் விரிக்கவில்லை. "உங்கிட்ட ஒன்னு சொல்லணும். ஆனா ஷாமி கிட்ட அவங்கப்பாதான் சொல்லணும்னு ஆசைப்படுறாரு. நீ முந்திக்காத" என்றார். சொல்லும்போது அம்மாவின் முகம் நமக்குத் தெரிந்த எந்த முகமும் இல்லை. நம் வயதுப் பெண் ஒருத்தி அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் வாக்குக் கொடுத்தேன் ஷாமினி. உன்னிடம் மறைப்பதாக நினைக்கவில்லை. உன் அப்பா சொல்லும்போது நீ துள்ளிக் குதிப்பாய், நான் தெரியாதவள் போல நடிக்க வேண்டியிருக்கும் என்று கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

அம்மா இப்போது தையல் இயந்திரத்தின் முன்னால் எதையும் முணுமுணுப்பதில்லை. முன்பெல்லாம் ராகமில்லாமல் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும், உனக்குத்தான் தெரியுமே. இப்போது ஊசியின் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்கிறது.

ரிஸ்வானா:

"ரிஸ்வானா. இவள் ஒரு நகைச்சுவைத் துணுக்கைத் தொடங்கி முடித்ததாகப் பள்ளி வரலாற்றில் பதிவு இல்லை. 'ஒரு ஊர்ல ஒரு யானை' என்பதற்குள் சிரிப்பு வந்து, மேசையில் தலை கவிழ்ந்து, கண்ணில் நீர் வழிந்து, தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். யானைக்கு என்ன ஆயிற்று என்று ஐந்து வருடமாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எல்லாரும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். மருத்துவம் படிக்கப் போகிறாளாம். நோயாளிகள் பிழைத்துக்கொள்வார்கள்."

அனு

---

கிள்ளான்
11 செப்டம்பர் 2025

அனுப்பிரியா,

ரிஸ்வானாவைப் படித்துவிட்டு நூலகத்தில் சிரித்ததால் நூலகப் பொறுப்பாசிரியை என்னை வெளியே அனுப்பினார். இதை உனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அசாருதீன் என் பங்கு:

"அசாருதீன். மாநிலப் பேச்சுப் போட்டியில் வென்ற நாள் முதல் மேடையை விட்டு இன்னும் இறங்கவில்லை. 'அக்கா, ஒரு தட்டு மீ கோரேங் வழங்க இயலுமா?' என்று கேட்பான். சிற்றுண்டிச்சாலை அக்கா, 'ஹலோ பாஸ், தமிழ்ல கேளுங்க லா' என்பார். காற்பந்துத் திடலில்கூட 'பந்தை என்பால் அனுப்புக!' என்று கத்துவான். அது வந்து சேர்வதற்குள் எதிரணி கோல் போட்டுவிடும். அவனை ஒரே ஒரு முறை நம்மைப் போலப் பேசக் கேட்டிருக்கிறோம். கால் பிசகிக் கீழே விழுந்தபோது, 'உம்மா!' என்றான்."

டீச்சர் நேற்று இன்னொன்று சொன்னார். நாம் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுத வேண்டுமாம். சரி, எழுதிவிட்டேன்:

"அனுப்பிரியா. கையெழுத்து அழகு. ரகசியம் காப்பதில் வல்லவள். அது யாரிடமிருந்து காக்கும் ரகசியம் என்று பார்க்கமாட்டாள்."

இவ்வளவுதான். அச்சுக்குப் போகட்டும்.

இனி எழுதப்போவது பக்கத்துக்கு அல்ல. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் ஒரு கனவு. அப்பாவின் லோரி பந்திங் சாலையில் மோரிப் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். திடீரென்று சாலை முடிந்துவிட்டது. ஆனால் லோரி நிற்கவில்லை, மெதுவாகக் கடலுக்குள் இறங்கி மிதக்கத் தொடங்கியது. பின்பக்கம் பாய் விரித்து நம் வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அஸ்வின் காலை நீட்ட இடமில்லாமல் கடலுக்குள் நீட்டியிருக்கிறான். உன் அம்மா எல்லாருக்கும் எதையோ தட்டில் போட்டுக் கொடுக்கிறார். லோரியை ஓட்டுவது எங்கம்மா. பச்சைச் சேலை, முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறார். அம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னும் யாரு ஏறல?" என்று கேட்டார். கரையில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். மணல் சூடாக இருந்தது.

விழித்தபோது எனக்குக் கோபமே இல்லை. கோபம் இல்லையே என்று கோபம் வந்தது.

அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முகச்சவரம் செய்வதில்லை. துறைமுகத்திலிருந்து வந்து, நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். என்னைத் திட்டினாலாவது பரவாயில்லை. "பாப்பா சாப்டியா?" என்று மட்டும் கேட்கிறார்.

ஷாமினி

---

கிள்ளான்
6 அக்டோபர் 2025

ஷாமினி,

நீ என்னைப் பற்றி எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஃபைலில் சேர்த்துவிட்டேன். டீச்சர் நிபந்தனைப்படி வீட்டுக்குப் போய் அழக்கூடாது. அதனால் பேருந்திலேயே அழுது முடித்துவிட்டேன். உன்னைப் பற்றி நான் எழுதியது:

"ஷாமினி. இவளுக்கு வாய் நீளம் என்பார்கள். அவதூறு. நீளம் இல்லை, கூர்மைதான். நம் ஆறு பேரையும் கிண்டல் செய்யும் உரிமையைத் தனக்கு மட்டுமே வைத்திருக்கிறாள். வெளியாள் யாராவது நம்மில் ஒருவரைத் தொட்டால் அவன் கதை முடிந்தது. அஸ்வினின் கால்சட்டையைப் பார்த்துச் சிரித்த நாலாம் படிவப் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். பிறரை அழ வைக்கப் போய், அவர்களை முந்திக்கொண்டு தானே அழுதுவிடுவாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

இப்போது செய்தி. நேரில் சொல்ல வேண்டியது. ஆனால் நமக்கு நேர் என்று ஒன்று இல்லையே.

சனிக்கிழமை அம்மா உன் அப்பாவைச் சந்தித்தார். தெங்கு கிளானா சாலையில் தீபாவளி விளக்குகள் கட்டியாயிற்று அல்லவா, அந்த நெரிசலில், பலகாரக் கடைக்கு முன்னால். நான் பத்தடி தள்ளி வளையல் பார்ப்பது போல நின்றேன். எல்லாம் கேட்கவில்லை. "பிள்ளைங்க மனசு நோக நாம ஒன்னும் செய்ய வேணாங்க" என்று அம்மா சொன்னது கேட்டது. உன் அப்பா நெடுநேரம் தலையாட்டிக்கொண்டே நின்றார். கடைசியில், "சரி உஷா. வீட்டுக்கு எப்படிப் போவீங்க? மழை வரும்போல" என்றார். அவ்வளவுதான். அவர் ஒரு பக்கம் நடந்தார், நாங்கள் ஒரு பக்கம் நடந்தோம். தலைக்கு மேல் விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருந்தன. அம்மாவின் முகம் ஒரு நொடி நீலம், ஒரு நொடி சிவப்பு. கண்ணீரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜோகூரில் பெரியம்மா தையல் கடையைப் பெரிதாக்கப் போகிறாராம். தேர்வு முடிந்ததும் ஜனவரியில் நாங்கள் அங்கே போகிறோம். அம்மா முடிவு செய்துவிட்டார்.

இனி நீ என்மேல் கோபப்படக் காரணம் எதுவும் இல்லை. நாம் பேசலாம். ஆனால் எனக்குத்தான் இப்போது பேச வரவில்லை.

அனு

---

கிள்ளான்
14 அக்டோபர் 2025

அன்புள்ள அனு,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் கொமுட்டர் ஏறினேன். பள்ளிச் சீருடையோடு, யாரிடமும் சொல்லாமல். பாடாங் ஜாவா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா என்று நிலையங்கள் போய்க்கொண்டே இருந்தன. சன்னலில் என் முகமும் வெளியே போகும் மரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. எந்த நிலையத்திலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் கேஎல் சென்ட்ரல் வந்துவிட்டது.

இறங்கி வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸில் நடக்க இடமில்லை. பூமாலை, பட்டாசுச் சத்தம், முறுக்கு. உன் அம்மாவின் கடையில் பத்துப் பெண்கள் ரவிக்கைக்காக நின்றார்கள். "ஆன்டி, நாளைக்கு வேணும்", "அக்கா, கை டைட்டா இருக்கு". உன் அம்மா வாயில் ஊசிகளோடு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு, "சாப்டியா?" என்றார்.

என் அப்பாவும் இதைத்தான் கேட்கிறார். இவர்கள் இருவருக்கும் வேறு கேள்வியே தெரியாது போலிருக்கிறது.

பின்பக்கத்து அறையில், துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். நான் ரயிலில் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

"ஜோகூருக்குப் போகாதீங்க ஆன்டி" என்றேன்.

"ஏம்மா?"

"அனு போயிடுவா."

"அனுவுக்காக வந்தியா?"

உன் அம்மா ஒரு துணியை எடுத்து மடித்தார். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தார்.

"ஷாமி, நான் ஒனக்கு அம்மாவா வரணும்னு நெனைக்கல. அது என்னால முடியாது, யாராலயும் முடியாது. ஒங்கப்பா கூட உக்காந்து பேசிக்கிட்டு இருந்தா நேரம் போறதே தெரியாது. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. இந்த வயசுல அப்படி ஒருத்தர் கெடைக்கிறாருன்னு சந்தோசப்பட்டேன். அவ்வளவுதான்."

"அப்ப சரின்னு சொல்லுங்க. நான் ஒன்னும் சொல்லமாட்டேன்."

"அதான் வேணாங்கறேன். பல்லக் கடிச்சிக்கிட்டு நீ சம்மதிச்சு, அந்த வீட்டுக்குள்ள நான் ஒவ்வொரு நாளும் ஒன் மொகத்தப் பாத்துப் பாத்து நடக்கணுமா? நீயும் பாவம், நானும் பாவம்."

நீ எழுதியது சரிதான், அனு. முதலில் அழுதது நான்தான். பத்துப் பெண்களுக்கும் கேட்டிருக்கும். உன் அம்மா என் தலையைத் தொடவில்லை, அணைத்துக்கொள்ளவில்லை. நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு முன்கடையில் வேலை செய்யும் அக்காவை அனுப்பி ரொட்டி சானாய் வாங்கி வரச்சொல்லி, நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்கு அனுப்பினார்.

ஆனால் முடிவை மாற்றவில்லை.

திரும்பி வரும்போது யோசித்தேன். அவர் கேட்டது என் சம்மதத்தை இல்லை. நான் நிஜமாகவே என்ன நினைக்கிறேன் என்பதை. அது எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: நீங்கள் இருவரும் இல்லாத கிள்ளானை நான் நினைத்துப் பார்த்தேன். அதில் யாரும் இல்லை.

அச்சுக்கூடத்துக்குப் பக்கத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீ தேர்வுக்குப் படி.

ஷாமி

---

கிள்ளான்
27 அக்டோபர் 2025

அன்புள்ள ஷாமி,

சனிக்கிழமை பிரியாவிடை விழாவில் நம் பக்கத்தை அசாருதீன் வாசித்தபோது நீ மேடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாய். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தன்னைப் பற்றிய பகுதி வந்ததும் அவன் குரலை உயர்த்தி, செய்தி வாசிப்பது போல வாசித்தான். 'உம்மா' என்ற இடத்தில் மண்டபமே அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் அவன் உம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அஸ்வின் எழுந்து நின்று, கால்சட்டையை எல்லாருக்கும் காட்டி, கைகூப்பினான். ரிஸ்வானா எதற்கென்றே தெரியாமல் தொடக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கிஷன் அழுதான். ஏன் என்று கேட்டேன். "முடிஞ்சிருச்சு லா அனு" என்றான்.

பிறகு என் பெயர் வந்தது. அந்த ரகசிய வரிக்காக நான் மனத்தை இறுக்கிக்கொண்டேன். அசாருதீன் வாசித்தது வேறு.

"அனுப்பிரியா. எல்லாரும் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பவள். இவளுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது. எழுத்துகள் மட்டும் சிப்பாய்கள் போல நிமிர்ந்து நிற்கும். கோபம் தணியத் தணிய அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும். ஆகஸ்டிலிருந்து இந்தப் பக்கத்தின் மறு ஆசிரியை அந்த எழுத்துகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

ஷாமி, நான் அழவில்லை. ரிஸ்வானாவைப் போல மேசையில் தலை கவிழ்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

ஆனால் நான் இன்றைக்கு எழுத வந்தது இதற்கில்லை. நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நேற்று மாலை, வெயில் சாய்ந்து எங்கள் பிளாட் சுவரெல்லாம் மஞ்சளாக இருந்த நேரம். கீழே ஒரே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் உன் அப்பாவின் லோரி. நுழைவாயிலில் குறுக்கே நிற்கிறது. ஒரு காரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. அதற்குள் கதவு தட்டும் சத்தம். உன் அப்பா. சவரம் செய்த முகம், சலவைச் சட்டை, நான்கு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு. லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை.

"உஷா, ஒரு தடவ கேட்டேன். நீங்க வேணாம்னீங்க. நானும் சரின்னுட்டேன். எம்மக நேத்து என்னக் கூப்பிட்டு உக்கார வச்சு, 'ஏம்ப்பா சரின்னீங்க?'ன்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதான் இன்னொரு தடவ கேக்க வந்தேன்."

அம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றார். கீழே ஹாரன் நிற்கவே இல்லை. இரண்டாம் மாடி அங்கிள், "அண்ணே! லோரிய எடுங்கண்ணே!" என்று கத்தினார்.

"ஷாமி என்ன சொன்னா?" என்று கேட்டார் அம்மா.

"'எனக்கு இன்னும் கஷ்டமாத்தாம்ப்பா இருக்கு. பழகிக்குவேன். அவங்க போயிட்டா பழகிக்க முடியாது' அப்படின்னா."

அம்மா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, "மொதல்ல லோரிய எடுங்க. ஊரே திட்டுது" என்றார். உன் அப்பாவின் முகம் வாடிவிட்டது. தலையாட்டிவிட்டுத் திரும்பிப் படியிறங்கத் தொடங்கினார். அம்மா அவர் இறங்குவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்த சுடிதாரை மாட்டிக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, "அனு, அடுப்ப அணை!" என்று சொல்லிக்கொண்டே படிகளில் இறங்கிவிட்டார்.

நான் மேலிருந்து பார்த்தேன். உன் அப்பா லோரிக் கதவைத் திறந்துவிட்டார். அம்மாவுக்கு அந்த உயரத்தில் கால் எட்டவில்லை. அவர் கையை நீட்டினார். அம்மா பிடித்துக்கொண்டு ஏறினார். ஹாரன் எல்லாம் ஒருவழியாக நின்றது. லோரி பின்வாங்கி, திரும்பி, சாலையில் அந்த மஞ்சள் வெயிலுக்குள் போனது. எங்கே போகிறார்கள் என்று இருவருக்குமே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இருட்டிய பிறகுதான் அம்மா வந்தார். தலை கலைந்திருந்தது, காற்றில். "எங்கம்மா போனீங்க?" என்றேன். "தெரியல, சும்மா போனோம்" என்றார். இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த முணுமுணுப்பு கேட்டது.

உனக்கு ஏதாவது தெரியுமா? உடனே எழுது.

உன்,
அனு

---

கிள்ளான்
28 அக்டோபர் 2025

அன்புள்ள அனு,

தெரியும். அப்பா வந்து முதலில் அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் எல்லாம் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

லோரியில் துறைமுகம்வரை போய், கொள்கலன்கள் அடுக்கியிருக்கும் இடத்தைச் சுற்றி, திரும்பி வரும் வழியில் உன் அம்மாதான் முதலில் பேசினாராம். கல்யாணத்தைப் பற்றி இல்லை. "அக்கா படம் இப்ப இருக்கற எடத்துலயே இருக்கணும். அத மட்டும் நீங்க மாத்தக்கூடாது" என்றாராம்.

எங்கம்மாவை உன் அம்மா அக்கா என்கிறார், அனு. இதைக் கேட்டதும் நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே விளக்கைப் போடாமல் நின்றேன். எங்கம்மா வாங்கிய சட்டிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த மீன் குழம்பு நாளிலிருந்து நானும் அப்பாவும் பெரும்பாலும் கடையில்தான் வாங்கிச் சாப்பிடுகிறோம். அந்த அறை எங்கம்மாவுக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு அது வெறுமனே ஓர் இருட்டறையாக இருந்தது. நான் விளக்கைப் போட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். உன் அம்மா எங்கள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் முதல் நாள் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. முகம் கோணலாம். அன்றைக்கு என்னை ஒன்றும் கேட்காதே. மறுநாள் கேள்.

தேர்வு முடிந்ததும், ஜனவரியில், பதிவுத் திருமணம். கோயிலில் சின்னதாக ஒரு மாலை மாற்றுதல். அப்பா தேதிகூடப் பார்த்துவிட்டார். ஜோகூர் பெரியம்மாவுக்கு உன் அம்மா இன்றைக்குச் சொல்லிவிடுவாராம். என் அறை இனி நம் அறை. சன்னல் பக்கக் கட்டில் எனக்கு. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. மேலும், நான் பிறந்தது மார்ச், நீ மே. என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று இப்போதே பழகிக்கொள்.

இந்தக் கடிதத்தை ஃபைலில் வைக்கப் போவதில்லை. நானே எடுத்துக்கொண்டு உங்கள் பிளாட்டுக்கு நடந்து வருகிறேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் உன் வாசலில், உனக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். படித்து முடிக்கும்வரை ஏறிட்டுப் பார்க்காதே, எனக்கு வெட்கமாக இருக்கும். மெதுவாகவே படி. அவசரமில்லை.

முடித்துவிட்டாயா?

சரி. இப்போது பேசு.

ஷாமி